மயிலைச் சுட முதல் கணக்கைப் பார்ப்பம்

காலபோக விதைப்பு தொடங்கினால் வன்னியில் கூடவே ஒரு பேச்சும் தொடங்கிவிடும். "உந்த மயிலுகளைச் சுட விட்டாத்தான் இனிக் கமம் செய்யலாம்." கமநல சேவை நிலையத்துக்கு உரம் கேட்டுப் போனாலும் இதுதான் கதை, கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலும் இதுதான் கதை, தேத்தண்ணிக் கடையிலும் இதுதான் கதை. இதைப் பற்றி யாராவது பேஸ்புக்கில் எழுதினால் அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி "பாவம், வாயில்லாச் சீவன்" என்று சொல்லும். மற்றக் கட்சி "சுட்டுத் தள்ளு" என்று சொல்லும். முதலாவது கட்சியில் வயல் வைத்திருப்பவர்கள் குறைவு. இரண்டாவது கட்சியில் எத்தனை மயில், எங்கே, எப்ப, யார் சுடுறது என்று யோசித்தவர்கள் குறைவு.

எங்களில் சிலர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் பக்கத்துக் கமக்காரக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். சிலர் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். மிருகங்களால் பயிர் அழிவது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த விசயம் இல்லை. ஆனபடியால் "பாவம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக எங்களால் முடியாது. அதேநேரம், சட்டத்தைத் தளர்த்தி ஆளாளுக்குத் துவக்கைக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற கதையையும் நாங்கள் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சேதம் பொய் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மயில் செய்கிற சேதம் உண்மையானது. கச்சான் போட்ட தரையில் முளை கிளம்ப முதலே விதையைக் கிளறித் தின்றுவிடும். விதைத்த நெல்லைப் பொறுக்கும். பயறு, உழுந்து, தக்காளி, மிளகாய், பயற்றங்காய்ப் பூ என்று எதையும் விடாது. தின்கிறது ஒரு பங்கு என்றால் மிதிக்கிறதும் கிளறுகிறதும் இன்னொரு பங்கு. அதோடு குரங்கு, பன்றி, முள்ளம்பன்றி, யானை எல்லாம் இருக்கு. மயில் அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்த ஆள், அவ்வளவுதான்.

இந்தச் சேதத்துக்குள் ஒளிந்திருக்கிற இன்னொரு செலவு பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அது காவல். இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல், விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம் வரைக்கும் மயிலுக்கும் குரங்குக்கும் காவல். ஆள் பலம் உள்ள வீட்டில் முறை வைத்துப் பார்க்கலாம். போரில் கணவனை இழந்து தனியாகக் கமம் செய்கிற அக்காமார் என்ன செய்யிறது? தகரத்தைத் தட்டிக்கொண்டு வரம்பில் நிற்கிற பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதை எந்தக் கணக்கில் எழுதுறது? இரண்டு போகம் விதைத்து இரண்டும் போன பிறகு கச்சான் தரையைச் சும்மா விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போனவர்கள் எங்களுக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அப்படி விட்ட தரையில் பற்றை வளரும். அந்தப் பற்றைதான் மயிலுக்கு ஒதுங்க இடம். பிறகு பக்கத்துக் காணிக்காரருக்கும் அதே பிரச்சினை.

ஆகவே கமக்காரர் கோபப்படுவதில் பிழை இல்லை. அந்தக் கோபத்துக்கு அரசு என்ன பதில் வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி. 2023 இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாமா என்று ஆராயப்போவதாக அப்போதைய விவசாய அமைச்சர் சொன்னார். நாடு முழுக்கச் சிரிப்பும் சண்டையுமாகப் போய் அந்தக் கதை அப்படியே அமர்ந்தது. 2025 மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்து நிமிடம், நாடு முழுக்கக் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார்கள். வீட்டு வளவிலும் தோட்டத்திலும் நின்று ஆட்கள் எண்ணினார்கள். ஒரு வகையில் அது நல்ல தொடக்கம்தான், எண்ணிப் பார்க்க வேண்டும் என்று முதல் தடவையாக நாடே யோசித்தது. ஆனால் ஒரு காலை, ஐந்து நிமிடம், பயிற்சி இல்லாத ஆட்கள். என்ர வளவில் நின்ற மயில் வேலி பாய்ந்து பக்கத்து வளவுக்குப் போனால் அது ஒரு மயிலா, இரண்டு மயிலா?

ஒரு வேட்டைப் பருவம் எப்படித் திட்டமிடப்படுகிறது?

"வெளிநாட்டில எல்லாம் சீசன் வைச்சுச் சுடுறாங்கள், இங்க மட்டும் ஏன் ஏலாது?" இந்த வாதம் அடிக்கடி வருகிறது. சரி, அந்த வெளிநாட்டில் ஒன்றைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம். அங்கே மாநிலப் பறவையே பெசன்ற்தான். மயில், காட்டுக்கோழி, கவுதாரி, வீட்டுக்கோழி எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துப் பறவை. உண்மையில் அது அந்த மண்ணுக்குச் சொந்தமான பறவையே இல்லை. ஷாங்காயில் அமெரிக்கக் கொன்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டெனி என்பவர் 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஒறிகனுக்கு அனுப்பிவைத்த பறவைகள் அங்கே பெருகின. பிறகு மற்ற மாநிலங்களிலும் கொண்டுபோய் விட்டார்கள். தெற்கு டகோட்டாவில் முதலாவது பெசன்ற் வேட்டைப் பருவம் 1919 இல் நடந்தது. ஒரேயொரு கவுண்டியில், ஒரேயொரு நாள்.

இன்றைக்கு அது பெரிய திருவிழா மாதிரி. ஒக்ரோபர் மாதத்து மூன்றாவது சனிக்கிழமை பருவம் திறக்கும். வெளி மாநிலங்களிலிருந்து ஆட்கள் நாயும் துவக்குமாக வந்து இறங்குவார்கள். ஹோட்டல்கள் நிறையும், சின்னப் பட்டினங்களில் சாப்பாட்டுக் கடைகள் நிறையும். ஆனால் அந்த ஒரு சனிக்கிழமைக்குப் பின்னால் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு மூன்று பறவை. காலை பத்து மணிக்கு முதல் வெடி வைக்கக்கூடாது. சேவலை மட்டும்தான் சுடலாம், பேட்டைத் தொடக்கூடாது. சுட்ட பறவையைக் கொண்டுபோகும்போதும் அது சேவல்தான் என்று அதிகாரி பார்த்து அறியக்கூடிய மாதிரித் தலையையோ காலையோ செட்டையையோ விட்டுத்தான் கொண்டுபோக வேண்டும். பல பத்தாண்டுகளாகக் கோடை முடியும் நேரம் ஒரே றோட்டுகளில் ஒரே மாதிரிக் காரில் போய், குஞ்சுகளோடு நிற்கிற பேடுகளை எண்ணிக் கணக்கு வெளியிட்டார்கள். 2020 இல் அந்தக் கணக்கெடுப்பை மாநிலம் கைவிட்டபோது வேட்டைக்காரர்களே கேள்வி கேட்டார்கள். கணக்கு இல்லாத வேட்டையில் நம்பிக்கை வைக்க ஏலாது என்பதை விளங்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

இன்னொன்று, அங்கே பறவைக்காக யோசிக்கிறவர்கள் முதலில் நிலத்தைத்தான் யோசிக்கிறார்கள். பெசன்ற் பேடு நிலத்தில், புல்லுக்குள் முட்டையிடும். புல் இல்லாவிட்டால் குஞ்சு இல்லை. 1985 இல் வந்த ஒரு அமெரிக்கச் சட்டத்தின்படி, மண் கழுவுப்படுகிற காணிகளைப் பயிரிடாமல் புல்லாக விட்டு வைக்கிற கமக்காரருக்கு அரசு வருடா வருடம் காசு கொடுக்கிறது. அந்தப் புல் நிலம் கூடிய காலத்தில் பெசன்ற் கூடியது, சோளனுக்கு நல்ல விலை வந்து புல் நிலத்தை உழுத காலத்தில் பெசன்ற் குறைந்தது. தன் காணிக்குள் வேட்டையாட விடுகிற கமக்காரரில் பலர் அதற்கும் காசு வாங்குகிறார்கள்.

அங்கே அந்தப் பறவை கமக்காரருக்கு வருமானம். இங்கே மயில் கமக்காரருக்குச் செலவு மட்டும்தான். இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு "அங்க சீசன் இருக்கு" என்று ஒப்பிடுவதில் ஒரு அர்த்தமும் இல்லை.

சேவலை மட்டும் சுடு என்ற விதி

இனி முக்கியமான விசயத்துக்கு வருவோம். ஏன் சேவலை மட்டும் சுடச் சொல்கிறார்கள்? பெசன்றில் ஒரு சேவல் பல பேடுகளோடு சேரும். ஆகவே நிறையச் சேவல்களைச் சுட்டாலும் மிச்சம் நிற்கிற சேவல்கள் போதும், அடுத்த வருடம் குஞ்சுகளின் தொகை பெரிதாகக் குறையாது. அந்த விதியின் நோக்கமே அதுதான். வேட்டைப் பருவம் என்ற ஏற்பாடு பறவையைக் குறைப்பதற்காக உண்டானது இல்லை. அடுத்த வருடமும் சுடுவதற்குப் பறவை இருக்க வேண்டும் என்பதற்காக உண்டானது.

எங்கட ஆட்கள் கேட்பது என்ன? மயில் குறைய வேண்டும் என்பது. இரண்டும் நேர் எதிரான தேவைகள்.

மயிலும் பெசன்ற் மாதிரித்தான், ஒரு ஆண் பல பேடுகளோடு சேரும். இப்ப ஒரு பருவத்தைத் திறந்து "சுடுங்கோ" என்று விட்டால் எது சுடுபடும்? தூரத்திலேயே கண்ணில் படுகிற, தோகை விரித்து வெட்டையில் நிற்கிற ஆண் மயில்தான். இறைச்சியும் கூட, தோகைக்கும் விலை. மண் நிறத்தில் பற்றைக்குள் அடைகிடக்கிற பேட்டை யார் தேடிப் போய்ச் சுடப்போகிறார்கள்? ஒரு போகம் முழுக்கச் சுட்டாலும் அடுத்த போகத்தில் அதே அளவு குஞ்சுகள் கச்சான் தரைக்குள் இறங்கும். கமக்காரருக்கு ஒரு மிச்சமும் இல்லை. மிச்சம் கிடைக்கிறது இறைச்சி விற்கிறவருக்கும் தோகை விற்கிறவருக்கும்தான்.

ஆகவே "சுட விடு" என்பது கமக்காரரின் கோரிக்கையாகத் தொடங்கினாலும், அது நிறைவேறுகிற நேரம் வேறு யாருடையவோ வியாபாரமாக மாறிவிடும். நாங்கள் பயப்படுவது இதற்குத்தான்.

1937 இல் இரண்டு சட்டங்கள்

அமெரிக்காவில் 1937 இல் ஒரு சட்டம் வந்தது. வேட்டைத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் போடுகிற வரியை மாநிலங்களுக்குக் கொடுத்து, காட்டுயிர்களுக்கும் அவற்றின் வாழிடங்களுக்கும் செலவழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே 1937 இல்தான் இலங்கையில் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றைக்கும் நாங்கள் அதன் கீழ்த்தான் இருக்கிறோம். வருடம் ஒன்றானாலும், இரண்டு சட்டமும் பிறந்த சூழல் வேறு.

வெள்ளைக்காரர் இங்கே வந்து ஆடிய வேட்டையைப் பற்றி நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரு அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845 இல் அவர் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்துப்போனார். நுவரெலியாவில் இருந்த சாமுவேல் பேக்கர் இலங்கையில் தான் ஆடிய வேட்டையைப் பற்றி 1854 இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். இப்படிச் சுட்டுத் தள்ளிய பிறகு மிருகம் குறையத் தொடங்கியது. 1891 இல் யானைகளையும் எருமைகளையும் வேட்டை மிருகங்களையும் கண்டபடி கொல்வதைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1894 இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் ஒன்றையும் தொடங்கினார்கள். பெயரைக் கவனியுங்கள், அவர்கள் பாதுகாக்க நினைத்தது வேட்டைக்குரிய மிருகத்தை. யாலவின் ஒரு பகுதி நாட்டில் வசித்த வேட்டைக்காரக் கனவான்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. துரைமார் லைசன்ஸ் எடுத்துச் சுட்டால் அது விளையாட்டு. காட்டோரத்துக் கிராமத்து ஆள் பிள்ளைகளுக்குக் கறி வைக்க ஒரு மரையைச் சுட்டால் அது களவு. "கள்ள வேட்டை" என்ற சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இதைச் சொல்வது இன்றைய சட்டத்தை மீறுங்கள் என்பதற்காக இல்லை. இன்றைக்குக் காடு இருக்கிற நிலைமையில் அந்தச் சட்டம் இல்லாவிட்டால் மிஞ்சுவதற்கு ஒன்றுமே இருக்காது. ஆனால் காட்டோரத்தில் இருக்கிற மனிசரைக் கேட்காமல் மேலேயிருந்து போடுகிற பழக்கம் அந்தக் காலத்திலிருந்தே வருகிறது. அன்றைக்குச் சுடாதே என்ற உத்தரவு மேலேயிருந்து வந்தது. நாளைக்குச் சுடு என்ற உத்தரவும் அதே மாதிரித்தான் வரும். இரண்டிலும் கமக்காரருக்கு மேசையில் கதிரை இல்லை.

பருவம் இல்லாத வேட்டை

சட்டத்தில் இல்லாவிட்டாலும் வேட்டை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இதை மூடி மறைத்துக்கொண்டு விவாதிக்கிறதில் பிரயோசனம் இல்லை. கட்டுத்துவக்கு, இடியன் துவக்கு, கம்பிச் சுருக்கு, சாப்பாட்டுக்குள் வைக்கிற வாய்வெடி, இரவில் வெளிச்சம் அடித்துச் சுடுறது எல்லாம் இருக்கு. வருடம் முழுக்க நடக்கிற வேட்டை இது. குட்டி வயிற்றில் இருக்கா, குஞ்சு கூட இருக்கா என்ற கேள்வியே அதில் இல்லை. முந்தின காலத்து வேட்டைக்காரர் சினை மிருகத்தைச் சுடமாட்டார்கள் என்று ஊரில் பெரியாக்கள் சொல்லுவினம். மனிசர் சுட்டால் அப்படிப் பார்க்கலாம். சுருக்குக்கும் கட்டுத்துவக்குக்கும் என்ன தெரியும்?

பன்றிக்கு வைத்த சுருக்கில் பன்றி மட்டும் சிக்குவதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் கம்பிச் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனது. இலங்கையில் மிக அரிதாகக் காணக்கூடிய மிருகம் அது. மலையகத்தில் தேயிலைக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் இடையில் சிக்குகிற சிறுத்தைகளின் கதை அடிக்கடி வருகிறது. வாய்வெடியைக் கடித்து வாய் சிதறிய யானைக் குட்டி தின்ன ஏலாமல் கிடந்து பட்டினியில் சாகும். கட்டுத்துவக்குக்கு யானையும் மனிசரும் ஒன்றுதான். விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போனவர் கால் சிதறி ஆஸ்பத்திரிக்கு வந்த செய்தியை நாங்கள் எத்தனை தடவை வாசித்துவிட்டுக் கடந்து போயிருக்கிறோம்.

இந்த வேட்டைக்குச் சந்தை யார்? காட்டோரத்து ஏழை மட்டும் இல்லை. பட்டினத்திலிருந்து கூட்டாளிமாரோடு வான் பிடித்து வருகிற ஆட்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து "வன்னி இறைச்சி ஒண்டு எடுப்பியே" என்று கேட்கிற மாமாமார், சித்தப்பாமார். எங்கட வயசுப் பெடியளின் ட்ரிப்புகளிலும் அந்தக் கதை வரும். ஒரு கிலோ மரை வத்தலுக்கு ஊரில் கொடுக்கிற விலையைக் கேட்டால் கமத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போக ஒருவருக்குத் தோன்றுவது ஆச்சரியம் இல்லை. இப்படி ஒரு சந்தை ஏற்கெனவே இருக்கிற இடத்தில் மயில் இறைச்சியைச் சட்டபூர்வமாக்கினால், மயிலின் பெயரில் வேறு எது எது சந்தைக்கு வரும்? துண்டு போட்ட இறைச்சியில் எது மயில், எது காட்டுக்கோழி என்று யார் பிரித்துப் பார்க்கிறது? எங்கட காட்டுக்கோழி உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் இருக்கு என்பதையும் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள்.

துவக்கு யார் கையில்?

தெற்கில் நடக்கிற விவாதத்தில் வராத ஒரு கேள்வி வடக்கு, கிழக்கில் வர வேண்டும். துவக்கு யாருக்குக் கிடைக்கும்?

இந்த நாட்டில் துவக்கு அனுமதிக்கு இன்னும் 1916 ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடிப்படை. அதற்கு மேல் எங்கட பக்கத்தில் முப்பது வருட யுத்தம் இருக்கிறது. துவக்கு வைத்திருந்தவர், வைத்திருந்ததாகச் சந்தேகப்பட்டவர், காட்டிக் கொடுக்கப்பட்டவர் என்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு கதை இருக்கு. முல்லைத்தீவில் ஒரு தமிழ்க் கமக்காரர் மயிலுக்கென்று துவக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்கப் போனால் எத்தனை மேசை ஏற வேண்டும், எத்தனை கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் துவக்குக்கும் தோட்டாவுக்கும் காசு எங்கே? தனியாகக் கமம் செய்கிற அக்காவுக்கு அந்த அனுமதியைக் கொடுப்பார்களா? கொடுத்தாலும் அவ அதைத் தூக்குவாவா?

அனுமதி எடுக்கக்கூடிய ஆட்கள், ஏற்கெனவே செல்வாக்கு உள்ள ஆட்கள். காணி எல்லையிலும் காட்டு எல்லையிலும் ஏற்கெனவே சண்டை இருக்கிற ஊர்களில், ஒரு பக்கத்திடம் மட்டும் துவக்கு இருந்தால் அது மயிலோடு நிற்குமா? இன்னொரு பக்கம், விடியப்புறம் வயல் வெளியில் கேட்கிற வெடிச்சத்தம் எங்கட அம்மாமாருக்கு என்ன செய்யும் என்பதையும் யோசிக்க வேண்டும். பதினைந்து வருடத்துக்கு மேல் போய்விட்டது உண்மைதான். தீபாவளிக்குச் சீனவெடி கொளுத்தினால் இன்னும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போகிறவர்கள் எங்கட வீடுகளில் இருக்கிறார்கள்.

சேவலும் மயிலும்

மயில் முருகனின் வாகனம், தொட்டால் குற்றம் என்பவர்களுக்கும் ஒரு சொல். நல்லூருக்கும் கதிர்காமத்துக்கும் நடந்து போகிற கமக்காரர்தான் அடுத்த நாள் மயிலைத் திட்டுகிறார். அவருக்குப் பக்தி குறைவு என்று அர்த்தம் இல்லை. முருகனின் கொடியில் இருப்பது சேவல், அதை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கிறோம். அதற்கு ஒருவரும் போராட்டம் நடத்தவில்லை. நம்பிக்கை மயிலை ஓரளவு காப்பாற்றியிருக்கிறது, அது நல்ல விசயம். ஆனால் வயல் இல்லாதவர் தன் பக்தியின் செலவை வயல் உள்ளவரின் தலையில் போடுவது நியாயம் இல்லை. மயில் எல்லாருக்கும் பொதுவான புனிதம் என்றால், அது தின்கிற நெல்லும் எல்லாரும் சேர்ந்து கொடுக்க வேண்டிய நெல்.

இதில் இன்னொரு கேள்வியும் இருக்கு. மயில் ஏன் இப்படிப் பெருகியது? வறண்ட வலயத்துப் பறவை இப்ப ஈரவலயத்துக்குள்ளும் கொழும்பை அண்டின பட்டினங்களுக்குள்ளும் போய்விட்டது. அடர்ந்த காட்டை வெட்டினால் வெட்டையும் பற்றையும் உருவாகும், மயில் விரும்புகிற இடம் அதுதான். நிலத்தில் இடுகிற முட்டையைத் தின்கிற நரி பல இடங்களில் குறைந்துவிட்டது. கைவிட்ட வயல் கூடிவிட்டது. மயில் வந்து எங்கட இடத்தைப் பிடிக்கவில்லை, நாங்கள்தான் அதற்கு இடம் செய்து கொடுத்தோம். இந்தக் காரணங்கள் அப்படியே இருந்தால், சுட்ட இடத்துக்கு அடுத்த ஊர் மயில் வந்து சேரும்.

அப்ப என்ன செய்யிறது?

வேட்டைப் பருவம் வைக்கிற நாடுகளிடமிருந்து துவக்கை மட்டும் எடுக்காமல், திட்டமிடுகிற பழக்கத்தை எடுப்போம் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. வரிசையும் முக்கியம். முதலில் கணக்கு, பிறகு இழப்பைப் பங்கிடுவது, பிறகு வயலைக் காப்பது. இவ்வளவும் செய்து பார்த்த பிறகுதான் கொல்வது பற்றிய பேச்சு.

கணக்கு என்றால் நாட்டுக்கு ஒரு மொத்தத் தொகை இல்லை. ஊர் ஊராக, ஒரே பாதையில், ஒரே நேரத்தில், போகத்துக்குப் போகம் திரும்பத் திரும்ப எண்ண வேண்டும். ஆண் எத்தனை, பேடு எத்தனை, குஞ்சு எத்தனை, எந்த மாதம் அடைகிடக்கிறது என்று எழுத வேண்டும். இதற்குப் பெரிய காசு தேவையில்லை. பல்கலைக்கழகங்களில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளும் புவியியல் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். கலைப்பீடத்துக்காரர் நாங்கள் கமக்காரரின் வாயிலிருந்து கேட்டு எழுத வேண்டியது நிறைய இருக்கு.

இழப்பு என்றால் ஒவ்வொரு கமக்காரர் அமைப்பிலும் ஒரு பதிவுப் புத்தகம். எந்தக் காணி, என்ன பயிர், எந்த மிருகம், எத்தனை பரப்பு, எத்தனை நாள் காவல். இன்றைக்கு மயிலால் போன கச்சானுக்கு ஒரு எழுத்தும் இல்லாதபடியால்தான் இழப்பீடு பற்றிப் பேச்சே வருவதில்லை. அந்தப் புத்தகமும் படிவமும் தமிழில் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறோம்.

வயலைக் காப்பது என்றால் முளைக்கிற காலத்துக்கு மட்டும் வலை, அதை அமைப்பு வாங்கி முறை வைத்துக் கொடுக்கலாம். பக்கத்துப் பக்கத்துக் காணிகள் ஒரே கிழமையில் விதைத்தால் சேதம் ஒருவரின் தலையில் மட்டும் விழாமல் பரவும், காவலும் பங்கிடலாம். கைவிட்ட காணியின் பற்றையைத் துப்புரவாக்குவதை ஊர் வேலையாகச் செய்யலாம். சுருக்கையும் கட்டுத்துவக்கையும் வாய்வெடியையும் ஊரே சேர்ந்து நிறுத்த வேண்டும். அது வராமல் வேறு எந்தத் திட்டமும் நிற்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஊரில் மயில் குறையத்தான் வேண்டும் என்று கணக்குச் சொன்னால், அதையும் பேசப் பயப்பட வேண்டியதில்லை. அப்ப அதைச் செய்ய வேண்டியது பொறுப்புச் சொல்லக்கூடிய, பயிற்சி பெற்ற வனசீவராசிகள் திணைக்கள அணி. குறித்த இடம், குறித்த நாள், குறித்த தொகை. ஆண் மயிலைச் சுட்டுத் தோகை எடுக்கிற வேலையாக இல்லாமல், முட்டை நிலையிலேயே கட்டுப்படுத்துகிற வேலையாக அது இருக்க வேண்டும். இறைச்சியும் தோகையும் ஒரு சதத்துக்கும் விற்கப்படக் கூடாது. செய்ததன் கணக்கு ஊருக்கு முன்னால் வாசிக்கப்பட வேண்டும். அடுத்த போகத்தில் சேதம் குறையவில்லை என்றால் நிறுத்த வேண்டும்.

கேட்க நீளமாத்தான் இருக்கு. "இதெல்லாம் எங்கட நாட்டில நடக்குமோ" என்று நீங்கள் கேட்பதும் விளங்குகிறது. ஆனால் கணக்கு எழுதுகிற முதல் படிக்கு ஒருவரின் கையெழுத்தும் தேவையில்லை. வாற காலபோகத்துக்கு வீட்டுக்குப் போகும்போது ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போங்கோ. விதைப்பு நாளிலிருந்து உங்கட வீட்டு வயலுக்குள் எந்த நாள், எத்தனை மணிக்கு, எது வந்தது, எவ்வளவு போனது, யார் காவல் நின்றது என்று அம்மாவையோ அப்பாவையோ கேட்டு எழுதுங்கோ. பத்து ஊரிலிருந்து பத்துக் கொப்பி வந்தால், அடுத்த தடவை ஒரு அமைச்சர் சுடலாம் என்றோ சுடக்கூடாது என்றோ அறிவிக்கிற நேரம் அவருக்கு முன்னால் வைக்க எங்களிடம் ஏதாவது இருக்கும்.